லுங்கியில் இருக்கும் பழவேற்காடு, மியூசிய லேபிளில் இல்லாதது ஏன்?

மலேசியாவில் கட்டம் போட்ட லுங்கிக்கு 'காயின் பெலிகாட்' என்று பெயர். அந்த பெலிகாட் வேறெதுவும் இல்லை, நம்ம திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடுதான்.

மீனவ ஊருக்கும் துணிக்கும் என்ன தொடர்பு?

இன்று மீனும் இறாலும்தான் இங்கே பிழைப்பு. ஆனால் 1613-ல் இங்கே டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை எழுந்தது. அவர்களுக்குத் தேவை இந்தோனேசியத் தீவுகளின் ஜாதிக்காயும் கிராம்பும். அங்கே அதற்கு ஈடாகப் போனது, சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட துணி.

அந்தத் துணிகள் இப்போது எங்கே?

இந்தோனேசியாவில் பல குடும்பங்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்தன. அப்படி மிஞ்சியவை பல, லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் போன்ற மியூசியங்களுக்குப் போயின. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுத்துவிடும். அதனால் மங்கலான விளக்கில் கொஞ்ச காலம் மட்டும் காட்டிவிட்டு, மறுபடி இருட்டறைக்குள் வைத்துவிடுவார்கள்.

லேபிளில் ஊர்ப் பெயர் ஏன் இல்லை?

பெரும்பாலும் 'கோரமண்டல் கரை' என்று மட்டும்தான் இருக்கும். காரணம், பல ஊர்களில் நெய்த துணி ஒரே துறைமுகத்தில் கப்பல் ஏறியது. சில துணிகளில் டச்சுக் கம்பெனி முத்திரை உண்டு. அது வாங்கியவரைத்தான் சொல்லும், நெய்தவரைச் சொல்லாது.

பழவேற்காட்டில் என்ன மிச்சம்?

தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைகள். அவற்றில் இறந்தவர்களின் பெயர்கள் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன. நெசவாளர்களுக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை, லேபிளும் இல்லை. அடுத்த முறை 'கோரமண்டல்' என்ற லேபிளைப் பார்த்தால், அதற்குள் பழவேற்காடும் இருக்கலாம் என்பதை ஞாபகம் வெச்சுக்கோங்க.