பாகம் கிடைக்கவில்லை என்றால் இயந்திரம் முடிந்துவிட்டதா?

"அண்ணே, இந்த மாடல் இப்போது வருவதில்லை. உபரிப் பாகமும் கிடைக்காது. புதிதாக ஒன்றை வாங்கிவிடுங்கள்."

பழைய புல்வெட்டும் இயந்திரத்தைக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் பெரும்பாலும் கேட்டுத் திரும்பும் பதில் இதுதான். பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த இயந்திரம், உள்ளங்கை அளவு ரப்பர் தகடு ஒன்று கிழிந்ததற்காகப் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது.

வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நம் நாட்டில் புல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வீட்டு முற்றமானாலும் கோயில் வளாகமானாலும் தமிழ்ப்பள்ளித் திடலானாலும், இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் காடாகிவிடும். புல்வெட்டும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பம் நடத்துபவருக்கோ, இயந்திரம் நின்ற நாள் வருமானமும் நின்ற நாள். ஆகவே, 'கிடைக்காது' என்ற சொல்லைக் கேட்டவுடன் பணப்பையைத் திறப்பதற்கு முன், அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்வது அவசியம்.

ஒரு சொல், நான்கு பொருள்

கடைக்காரர் 'கிடைக்காது' என்று சொல்லும்போது அதற்கு நான்கு பொருள் இருக்கலாம். முதலாவது, அந்தக் கடையில் அப்பாகம் இருப்பில் இல்லை. இரண்டாவது, அதன் எண் மாறிவிட்டது. பழைய எண்ணைக் கொண்டு தேடினால் வராது. மூன்றாவது, அசல் நிறுவனம் அதைத் தயாரிப்பதில்லை; ஆனால் வேறு நிறுவனங்கள் தயாரிக்கின்றன. நான்காவது, உலகில் எங்குமே அது புதிதாகக் கிடைப்பதில்லை.

இந்த நான்கில் கடைசி ஒன்றுதான் உண்மையான முட்டுக்கட்டை. மற்ற மூன்றுக்கும் வழி உண்டு. எந்தப் பொருளில் 'கிடைக்காது' என்கிறார் என்பதைக் கடைக்காரரிடமே பணிவாகக் கேட்டுவிடலாம். "உங்களிடம் இல்லையா, நிறுவனத்திடமே இல்லையா?" என்ற ஒரு கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

பெயர் ஒன்று, என்ஜின் வேறு

பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. புல்வெட்டும் இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும், அதன் என்ஜினைச் செய்த நிறுவனத்தின் பெயரும் பல வேளைகளில் ஒன்றல்ல. தகர மேடை, சக்கரம், கைப்பிடி ஆகியவற்றை ஒரு நிறுவனம் செய்யும். என்ஜினை மற்றொரு நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்தும். மேலே உள்ள பெயர் சந்தையிலிருந்து மறைந்துவிட்டாலும், என்ஜின் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கலாம்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1908ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உலகெங்கும் எத்தனையோ பெயர்களில் விற்கப்பட்ட புல்வெட்டும் இயந்திரங்களில் இருப்பது இந்நிறுவனத்தின் என்ஜின்தான். 2020ஆம் ஆண்டு ஜூலையில் இந்நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டில் வேறு முதலீட்டாளர்கள் அதை வாங்கினர். என்ஜின் தயாரிப்பு தொடர்ந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. டெக்கும்சே என்ற அமெரிக்கப் பெயருடைய என்ஜின்களின் தயாரிப்பு 2008ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோனது. அதன்பின் உபரிப் பாகத் தொழிலை மட்டும் வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது. என்ஜின் தயாரிப்பு நிற்பதும் பாக விநியோகம் நிற்பதும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

எண்ணில் இருக்கிறது ஜாதகம்

பாகம் தேடப் புறப்படுவோர் கடைக்கு இயந்திரத்தின் நிறத்தையும் பெயரையும் சொல்லிப் பயனில்லை. எண்தான் வேண்டும். பிரிக்ஸ் என்ஜினில் அது மேல்மூடித் தகட்டில், பெரும்பாலும் பிளக்குக்கு அருகில், மூன்று தொகுதியாகப் பொறிக்கப்பட்டிருக்கும்: மாடல், டைப், கோட். புல் சாறும் எண்ணெயும் படிந்து மறைந்திருந்தால், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்தால் தெரியும்.

மாடல் எண்ணின் முதல் ஓரிரு இலக்கங்கள் என்ஜினின் கொள்ளளவைக் கன அங்குலத்தில் சொல்கின்றன. 9 என்று தொடங்கும் பழைய ஐந்து இலக்க எண் என்றால் 9 கன அங்குலம், அதாவது சுமார் 148 சிசி. கோட் எண் என்ஜின் பிறந்த தேதி. 950427 என்று தொடங்கினால், அது 1995ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் தேதி செய்யப்பட்டது என்று பொருள். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு கார்பரேட்டர் மாறியிருக்கக்கூடும் என்பதால், இந்த மூன்று தொகுதிகளையும் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

எண் கையில் இருந்தால், அந்த என்ஜினின் பாகங்கள் பிரித்து வரையப்பட்ட படப்பட்டியலைப் பார்த்துத் தேவையான பாகத்தின் எண்ணைக் கண்டுபிடிக்கலாம். அந்த எண்ணும் மாறியிருக்கலாம். நிறுவனங்கள் பல பழைய எண்களை ஒன்றாக்கிப் புதிய எண் தருவது வழக்கம். "இந்த எண்ணுக்குப் பதிலாக வந்த எண் எது?" என்று விநியோகிப்பாளரிடம் கேட்டால், காணாமற்போன பாகம் புதுப் பெயரில் வந்து நிற்கும்.

சில நேரங்களில் பழைய பாகத்தைவிட மேலான பாகமே மாற்றாக அமையும். 1982ஆம் ஆண்டுக்கு முந்திய பிரிக்ஸ் என்ஜின்களில் ஃபிளைவீலுக்கு அடியில் பாயிண்ட், கண்டன்சர் என்ற சிறு பாகங்கள் இருந்தன. 1982 முதல் மின்னணுக் காயில் வந்தது. பழைய என்ஜின்களில் பலவற்றுக்கு இந்த மின்னணுக் காயிலையே பொருத்திவிடலாம். தேய்ந்த பாயிண்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பெயரை மறந்து அளவைப் பாருங்கள்

இயந்திரத்தின் எல்லாப் பாகங்களும் அந்த நிறுவனமே செய்தவை அல்ல. பேரிங், ஆயில் சீல், பெல்ட், பிளக், போல்ட் போன்றவை பொதுவான அளவில் செய்யப்படுபவை. இவற்றுக்குப் புல்வெட்டும் இயந்திரக் கடையைவிடப் பேரிங் கடையே ஏற்றது.

பேரிங்கின் ஓரத்தில் 6203 என்று இருந்தால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, கனம் 12 மில்லிமீட்டர். எந்த நிறுவனம் செய்தாலும் இந்த அளவு மாறாது. ஆயில் சீலில் பெரும்பாலும் உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். பெல்ட்டில் ஏ-38 என்று இருந்தால் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், உட்சுற்று நீளம் ஏறத்தாழ 38 அங்குலம். எழுத்து அழிந்துபோன பாகத்தை வெர்னியர் அளவுகோலால் அளந்து சொன்னாலும் போதும்.

பிளக் வாங்கும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. சாம்பியன் நிறுவனத்தின் ஜே19எல்எம் பிளக்குக்கு என்ஜிகே நிறுவனத்தில் இணையானது பி2எல்எம். ஒன்றில் 19, மற்றொன்றில் 2. காரணம், சாம்பியனில் எண் கூடக்கூட வெப்பமான பிளக்; என்ஜிகேயில் எண் குறையக்குறைய வெப்பமான பிளக். எண்ணை எண்ணோடு ஒப்பிடாமல், இணைப்பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும்.

பழைய சரக்கில் பொறுக்கி எடுப்பது

சிற்றூர்களில் மூடப்படும் நிலையில் உள்ள பழைய கடைகளின் அலமாரிகளில் பிரிக்கப்படாத அசல் பாகங்கள் தூசு படிந்து கிடப்பதுண்டு. இரும்பு, அலுமினியப் பாகங்களானால் துரு இல்லையா என்று பார்த்துத் துணிந்து வாங்கலாம். ஆனால், ரப்பர் பாகங்களுக்கு வேலை செய்துதான் வயதாக வேண்டும் என்பதில்லை. பெட்டிக்குள் இருந்தபடியே இறுகிவிடும். கார்பரேட்டர் தகடு, பெட்ரோல் குழாய், ஆயில் சீல் ஆகியவற்றை விரலால் வளைத்துப் பார்த்து, விறைப்பாக இருந்தால் விட்டுவிட வேண்டும். அசல் பெட்டியில் இருக்கும் இறுகிய ரப்பரைவிட, வேறு நிறுவனம் புதிதாகச் செய்த ரப்பர் மேல்.

இன்னொரு வழி, பாகங்களுக்காகவே ஒரு பழைய இயந்திரத்தை வாங்கி வைப்பது. மேடை உளுத்துப்போன இயந்திரத்தில் என்ஜின் நன்றாக இருக்கக்கூடும். ஒரே மாடல் இயந்திரங்களை வைத்திருக்கும் குத்தகைக்காரர்களுக்கு இது மிகவும் பயன்படும். தேய்ந்த புஷ், சக்கர அச்சு போன்றவற்றை லேத் பட்டறையில் கடைந்தும் வாங்கலாம்.

எதில் கை வைக்கக் கூடாது?

மாற்று தேடும் திறமைக்கும் ஓர் எல்லை உண்டு. கத்தி கல்லிலோ மரவேரிலோ மோதும்போது, ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் சிறிய கீ நசுங்கும் அல்லது அறுந்துபோகும். பிறகு என்ஜின் கிளம்பாது. கயிற்றை இழுத்தால் கையை வெட்டி இழுக்கும். பிரிக்ஸ் என்ஜின்களில் அந்தக் கீ வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்யப்பட்டது. அது தன்னைப் பலி கொடுத்துக் கிராங்க் ஷாஃப்டையும் ஃபிளைவீலையும் காப்பாற்றுகிறது. "அசல் இல்லை, கெட்டி இரும்பில் அறுத்துப் போட்டுவிடுகிறேன்" என்பவரைத் தடுத்து நிறுத்த வேண்டும். சில வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் என்ஜினையே இழக்க நேரிடும்.

கத்தி விஷயம் இன்னும் ஆபத்தானது. அமெரிக்கத் தரநிர்ணயம், கத்தி நுனியின் வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. இது மணிக்குச் சுமார் 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சுழலும் கத்தியில் ஒட்டு வைத்த துண்டு பிய்ந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விரிசல் விட்ட கத்தியை வெல்டிங் செய்வதோ, நீளம் கூடிய கத்தியைப் பொருத்துவதோ, பொருந்தாத துளையைப் பெரிதாக்குவதோ கூடவே கூடாது. கத்தி, அதைப் பிடிக்கும் போல்ட், பாதுகாப்பு மூடி, பெட்ரோல் தொட்டி ஆகிய இவற்றுக்குச் சரியான பாகம் கிடைக்காவிட்டால், அந்த இயந்திரத்துக்கு விடை கொடுப்பதே விவேகம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 37, பலர் அறியாத ஓர் உரிமையைத் தருகிறது. பொருளை விற்ற பிறகு நியாயமான காலத்துக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உபரிப் பாகங்களும் கிடைப்பதற்கு உற்பத்தியாளரும் விற்பனையாளரும் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதே அது. வெளிநாட்டு உற்பத்தியாளருக்கு இங்கே அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்பவரோ விநியோகிப்பவரோ அந்த இடத்தில் வைத்துப் பார்க்கப்படுவார்.

ஆனால் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். 'நியாயமான காலம்' எத்தனை ஆண்டு என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை; இருபது ஆண்டு இயந்திரத்துக்கு இந்தப் பிரிவைத் தூக்கிக்கொண்டு போக இயலாது. மேலும், பாகம் தர இயலாது என்று விற்கும்போதே முறையாக அறிவித்துவிட்டால் இந்த உத்தரவாதம் பொருந்தாது. ஆகவே ரசீதில் உள்ள சிறிய எழுத்தைப் படிப்பது நல்லது.

வாங்கி ஓரிரு ஆண்டுகளிலேயே பாகம் இல்லை என்று கைவிரிக்கப்பட்டவர்கள், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. 2019 முதல் கோரிக்கை வரம்பு 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இச்சட்டம் முதன்மையாக வீட்டுப் பயனீட்டுக்கானது என்பதால், தொழிலுக்கு வாங்குவோர் உபரிப் பாகம் பற்றிய உறுதியை எழுத்தில் கேட்டுப் பெறுவது பாதுகாப்பு.

இன்றே செய்ய வேண்டியது

இயந்திரம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் எண்களைப் படம் எடுத்து வைக்க வேண்டும். துரு அரித்த பிறகு எண்ணைப் படிக்க முடியாது. கழற்றிய பழைய பாகத்தைப் புதியது பொருந்தும் வரை தூக்கி எறியக் கூடாது. அதுதான் அளவுக்கு ஒரே சாட்சி. புதிய இயந்திரம் வாங்குவோர் விலையைக் கேட்கும் முன், "இதன் என்ஜின் யாருடையது? பாகம் எங்கே கிடைக்கும்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடையில் வாங்கினால், பல ஆண்டுகள் கழித்தும் போய் நிற்க ஓர் இடம் இருக்கும்.