பழைய வண்டியைக் கொடுத்துப் புது வண்டி எடுக்கலாமா? தாராவித் தமிழர் போட்ட கணக்கு

மும்பையில் இருந்து திருநெல்வேலிக்குச் சாலை வழியாகப் போனால் சுமார் 1,600 கிலோ மீட்டர்.

மே மாதத்தில் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஆறு பேருக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால்தான் ஊர்க் கொடைக்குப் போவதற்கென்றே எஸ்.யூ.வி. எனப்படும் பெரிய காரை வாங்கி வைத்திருக்கும் தமிழர்கள் இங்கே இருக்கிறார்கள்.

தாராவியில் வசிக்கும் நெல்லைக்காரர் ஒருவரும் அப்படித்தான் வாங்கினார். மஸ்ஜித் பந்தரில் குமாஸ்தா வேலை. வேலைக்குப் போவது மின்சார ரெயிலில். வண்டி 2013-ல் பதிவான டீசல் வண்டி. 2018-ல் அவர் கைக்கு வந்தது. 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர் ஓடிவிட்டது.

கடந்த முறை ஊருக்குப் போகும்போது, சத்தாரா அருகே கம்பாட்கி மலைப்பாதையில் வண்டி திணறியது. கிளட்ச் வழுக்கியது. கரும்புகை தள்ளியது. "நடுவழியில் நின்றால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று மனைவி பயந்துபோனார்.

ஷோரூமுக்குப் போனார். பழைய வண்டிக்கு ஒரு விலை, அதற்கு மேல் "எக்ஸ்சேஞ்ச் போனஸ்" என்றார்கள். வெளியே விசாரித்தால், போனஸ் போக அவர்கள் போட்ட விலை சந்தை விலையைவிடக் குறைவு. ஒரு கையால் கொடுத்து, மறு கையால் எடுக்கிற கதைதான்!

மீதிக்கு 8 லட்சம் ரூபாய் கடன். 9.5 சதவீத வட்டி, 5 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 16 ஆயிரத்து 800 ரூபாய். மொத்தம் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. மூத்த மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள். அவர் கையெழுத்துப் போடாமல் திரும்பினார்.

திருப்புளி சோதனை

நேராகத் தெரிந்த மெக்கானிக்கிடம் போனார். அவரும் தென்காசிப் பக்கத்துக்காரர். வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, என்ஜினைத் திறக்கவே இல்லை. அடியில் புகுந்து, திருப்புளியால் சேசிசை அங்கங்கே குத்திப் பார்த்தார்.

"என்ஜினை எப்ப வேணும்னாலும் பிரிச்சு மாட்டிரலாம், அண்ணாச்சி. சேசிஸ் செத்துட்டா வண்டி செத்துச்சு" என்றார்.

உண்மைதான். மும்பையில் வண்டியைத் தின்பது கிலோ மீட்டர் அல்ல. கடல் காற்றும், சயானில் தேங்கும் மழைத் தண்ணீரும்தான். திருப்புளி உள்ளே இறங்கினால், வந்த விலைக்குத் தள்ளிவிடலாம். இந்த வண்டியில் இறங்கவில்லை. பிரேக் குழாயில் மட்டும் துரு. கிளட்ச், டர்போ, பிரேக் குழாய் எல்லாம் சேர்த்து 95 ஆயிரம் ரூபாய். ஆறு மாதத் தவணைகூட இல்லை!

புது டீசல் வண்டி என்றால் தொல்லையே வராது என்பதும் இல்லை. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நீண்ட சாலையில் ஓடிச் சூடானால்தான் அந்தக் கரி எரியும். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் மட்டும் போய் வந்தால், அது அடைத்துக்கொண்டு விளக்கு எரியும்.

உதிரி பாகம் கிடைக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். செவர்லே 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. போர்டு 2021-ல் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இவருடைய வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. பாகங்கள் குர்லாவிலும் கிடைக்கின்றன, கோவில்பட்டியிலும் கிடைக்கின்றன.

விற்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. ஆர்.சி.யில் பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

மனைவி விடவில்லை. "வண்டி ஓடும், சரி. பலூன் இருக்கா?" என்று கேட்டார். விபத்தில் விரிந்து காக்கும் காற்றுப்பையைத்தான் சொன்னார். இந்த வண்டியில் அது இல்லை. எத்தனை ரிப்பேர் செய்தாலும் வராது. அதற்கு அவரிடம் பதில் இல்லை.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். இரவில் ஓட்டுவதில்லை. முதல் இரவு ஹூப்ளி, இரண்டாம் இரவு சேலம். 2028-ல் 15 ஆண்டுப் பதிவு முடியும்போது, புதுப்பிக்காமல் மாற்றிவிடுவது. அதுவரை மாதம் 5 ஆயிரம் ரூபாய் தபால் ஆபீசில்.

ஷோரூமில் இருந்து இன்னமும் போன் வருகிறது.

"2028-ல கூப்பிடுங்க தம்பி" என்கிறார் அண்ணாச்சி.