தலைக்கு 80 ஆயிரம் டாலர்!

பாறசாலை ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள டீக்கடையில் சென்ற வாரம் ஒரு சாவு வீட்டுப் பேச்சு. பெரியவரின் மகன் கல்ஃபிலிருந்து வந்து சேரவேண்டும். அதுவரை பிரேதம் பிரீசர் பெட்டியில். டீ வாங்க வந்திருந்த மருமகனிடம், "ரெண்டு நாள் தாங்குமா?" என்று ஒருவர் கேட்க, பேச்சு அமெரிக்காவுக்குத் தாவியது. அங்கே சிலர் மகனுக்காக அல்ல, இனிமேல் பிறக்கப்போகும் வைத்தியனுக்காகப் பிரேதத்தைக் காக்க வைக்கிறார்கள் என்றேன்.

"எவ்வளவு ஆகும் சாரே?"

"முழு உடம்புக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். தலைக்கு 80 ஆயிரம்."

"நாலு பேரு சேர்ந்து போனா குறைப்பாங்களா?" என்றார் சுமை தூக்கும் அன்பர்.

தலைக்கு என்றால் ஆளுக்கு அல்ல, தலையை மட்டும் தனியே எடுத்து வைப்பதற்கு என்று விளக்கியதும் கடையே சிரித்தது. மருமகனும் சிரித்துவிட்டார்.

சிரித்த பிறகுதான் நல்ல கேள்விகள் வந்தன. கரண்ட் போனால்? கரண்டே வேண்டாம். திரவ நைட்ரஜன் நிரப்பிய ராட்சத பிளாஸ்க்குகள் அவை. மைனஸ் 196 டிகிரி. ஆவியாகிக் குறைவதை ஊற்றி நிரப்பினால் போதும். அரிசோனாவிலுள்ள ஆல்கார் நிறுவனத்தில் உடல்களைத் தலைகீழாக நிறுத்தியிருக்கிறார்கள். கசிவு ஏற்பட்டாலும் தலை கடைசியில்தான் உருகும் என்ற கணக்கு. 1967 ஜனவரி 12-ல் உறைய வைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்ட் என்ற பேராசிரியர்தான் முதல் ஆள். இன்றுவரை ஒருவரும் எழுந்து வந்ததில்லை.

கொலராடோவில் நெடர்லாண்ட் என்ற ஊர். 1989-ல் இறந்த நார்வே தாத்தா பிரெடோ மோர்ஸ்டோலை, பேரன் உலர் பனிக்கட்டியில் வைத்து அங்கே ஒரு கொட்டகையில் காத்து வந்தார். பேரன் நாடு கடத்தப்பட்டபின் சங்கதி வெளியே வர, ஊர் திகைத்தது. வீட்டில் பிரேதம் வைக்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். தாத்தாவுக்கு மட்டும் விலக்கு! 2002 முதல் அவர் பேரில் திருவிழாவே நடத்தினார்கள், சவப்பெட்டி ஓட்டப் பந்தயத்தோடு. 2023-ல் விழாவும் தாத்தாவும் எஸ்டஸ் பார்க் நகருக்குக் குடிபெயர்ந்தார்கள்.

நம் நாட்டில் விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. பஞ்சாபில் நூர்மஹல் ஆசிரமத்து ஆசுதோஷ் மகராஜ் 2014 ஜனவரி 29-ல் இறந்ததாக டாக்டர்கள் சொன்னார்கள். சமாதியில் இருக்கிறார் என்று சீடர்கள் பிரீசரில் வைத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் தகனம் செய்யச் சொன்னது ஹைகோர்ட். 2017 ஜூலையில் அந்த உத்தரவு ரத்தாயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? 2025 ஜனவரியில் நமது நெய்யாற்றின்கரையில் ஒரு முதியவர் சமாதியடைந்ததாகச் சொல்லிக் குடும்பத்தார் கல்லறை கட்டி அடைத்தார்கள். இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேரள ஹைகோர்ட் கேட்டது. 16-ந் தேதி கல்லறை திறக்கப்பட்டது. அந்த நாட்களில் செல்போனில் வந்த கேலிப் படங்களுக்குக் கணக்கில்லை. நானும் இரண்டை நண்பர்களுக்கு அனுப்பினேன். அந்தப் பக்கத்திலிருந்து தினம் ரயிலேறும் ஒருவர், "அந்த வீட்டிலேயும் நடந்தது ஒரு சாவுதானே சாரே" என்றார். அதற்குப் பிறகு நான் அனுப்பவில்லை.

டீக்கடையிலும் அதே பயம்தான் எனக்கு. சிரிப்பு அடங்கியதும் மருமகன் முகத்தைப் பார்த்தேன். அவர் பிளாஸ்க்கில் டீயை வாங்கிக்கொண்டு எழுந்தார்.

"மாமா இருந்திருந்தா தலை மட்டும் போதும்னு சொல்லியிருப்பாரு சாரே. மூட்டுவலியை இங்கேயே விட்டுட்டுப் போகலாமில்லே?"