கம்ப்யூட்டர் சர்டிபிகேட்: எது வேலைக்கு உதவும்? எது பரணுக்குப் போகும்?

பண்ருட்டி:-

2024-ம் ஆண்டு ஜூன் மாதம். சிதம்பரம் அருகே ரோட்டோரம் சர்டிபிகேட்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. பல்கலைக்கழக சர்டிபிகேட்டுகள். ஆனால் போலி! போலீசார் வழக்குப் போட்டு 2 பேரைக் கைது செய்தார்கள். கடலூர் மாவட்டமே அதைப் பற்றித்தான் பேசியது.

போலி என்றால் போலீஸ் பார்த்துக்கொள்ளும். இன்னொரு ரகம் இருக்கிறது. அச்சு அசல். கையெழுத்து அசல். பணம் கட்டி, 6 மாதம் வகுப்புக்குப் போய் முறையாக வாங்கியது. ஆனால் இன்டர்வியூவில் நீட்டினால் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. இதற்கு எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பது?

முந்திரியிலும் பலாவிலும் வந்த காசு இந்தப் பக்கத்தில் இப்படியும் போகிறது. "பையன் காலேஜ் முடிச்சிட்டு சும்மா இருக்கான், கம்ப்யூட்டர்ல ஏதாவது சேர்த்து விடுங்க" என்று யாராவது சொல்வார்கள். கையில் காசு இல்லாவிட்டால் நகை அடகுக் கடைக்குப் போகும். எந்த சர்டிபிகேட், யார் கொடுப்பது, எங்கே செல்லும் என்று கேட்பவர் குறைவு.

லைசென்ஸ் கொடுப்பது யார்?

டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறார்கள். லைசென்ஸ் கொடுப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ். டிரைவிங் ஸ்கூல் ரசீதைக் காட்டினால் டிராபிக் போலீஸ்காரர் விடுவாரா?

கம்ப்யூட்டர் படிப்பிலும் இதே கதைதான். வகுப்பு நடத்திய சென்டர் "இவர் படித்து முடித்தார்" என்று ஒரு சர்டிபிகேட் கொடுக்கும். அது ரசீது மாதிரி. வெளியே இருக்கிற ஒரு அமைப்பு தனியாகப் பரீட்சை வைத்து, பாஸ் செய்தவருக்கு மட்டும் கொடுப்பது வேறு சர்டிபிகேட். அதுதான் லைசென்ஸ். இரண்டிலும் "சர்டிபிகேட்" என்றே அச்சாகியிருப்பதால் வருகிற குழப்பம் இது.

நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிது இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை நினைத்துப் பாருங்கள். மாடியில் தடதடவென்று மெஷின் சத்தம் கேட்கும். சொல்லிக் கொடுப்பவர் இன்ஸ்டிடியூட் மாஸ்டர். ஆனால் லோயர், ஹையர் பரீட்சை அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துடையது. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. மாஸ்டர் எவ்வளவு வேண்டியவரானாலும் வேகம் வராவிட்டால் பெயில்தான்! அதனால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

2022-ல் வந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப்-4 அறிவிப்பைப் பாருங்கள். டைப்பிஸ்ட் வேலைக்கு இந்த அரசுப் பரீட்சைதான் தகுதி. அதோடு அதே இயக்ககம் கொடுக்கும் "கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்" சர்டிபிகேட்டும் கேட்டிருந்தார்கள். கையில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம், தகுதிகாண் காலத்துக்குள் பாஸ் செய்ய வேண்டும் என்று விதி. அதே வேர்டு, அதே எக்செல்லைத் தெருமுனை சென்டரில் படித்து, சென்டர் சர்டிபிகேட் மட்டும் வைத்திருந்தால் அந்த விதிக்குச் செல்லாது.

டாலர் கணக்கு

அரசு வேலை வேண்டாம், கம்பெனிக்குப் போகிறேன் என்கிறவர்கள் பெரிய பெயர்களாகச் சொல்வார்கள். சிஸ்கோவின் சி.சி.என்.ஏ., அமேசானின் ஏ.டபிள்யூ.எஸ்., மைக்ரோசாப்ட்டின் அஸூர், ரெட் ஹேட் லினக்ஸ். இவை எல்லாம் அசல் லைசென்ஸ் ரகம். சர்டிபிகேட் உண்மையா என்று கம்பெனிக்காரர் இன்டர்நெட்டில் உட்கார்ந்த இடத்திலேயே சரிபார்த்துவிடலாம்.

ஆனால் பரீட்சைக் கட்டணம் டாலரில்! சி.சி.என்.ஏ.வுக்கு 300 டாலர். நம் பணத்தில் 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல், வரி தனி. ஏ.டபிள்யூ.எஸ்.சின் ஆரம்பப் பரீட்சைக்கு 100 டாலர், அடுத்த படிக்கு 150. பெயிலானால் பணம் போச்சு. மறுபடி எழுத மறுபடி கட்ட வேண்டும். வகுப்புக்குக் கட்டுகிற பணத்தில் இந்தக் கட்டணம் அடக்கமா, தனியா என்று முதல் நாளே கேட்டு விடுங்கள்.

இதற்கு ஆயுளும் உண்டு. பி.ஏ., பி.எஸ்சி. வாங்கினால் சாகும்வரை பட்டதாரி. சிஸ்கோ, அமேசான், ரெட் ஹேட் சர்டிபிகேட்டுகளுக்கு 3 வருஷம்தான். மைக்ரோசாப்ட்டில் அடிப்படைப் பரீட்சைகளுக்குக் காலாவதி இல்லை. அதற்கு மேலே போனால் பெரும்பாலும் வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், அது இலவசம். படித்து முடித்து 4 வருஷம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு சி.சி.என்.ஏ.வைத் தூக்கிக்கொண்டு போனால், தேதி தாண்டிய பால் பாக்கெட்தான்.

"காகித" எஞ்சினியர்கள்

1990-களின் கடைசியில் எம்.சி.எஸ்.இ. என்ற மைக்ரோசாப்ட் சர்டிபிகேட்டுக்கு உலகம் முழுக்க ஒரு மோகம். கேள்விகளையும் விடைகளையும் யாரோ திருடி விற்க, அதை மனப்பாடம் செய்து பாஸ் செய்தார்கள். வேலையில் சேர்ந்து சர்வர் படுத்துவிட்டால் எழுப்பத் தெரியாமல் முழித்தார்கள். அமெரிக்காவில் இவர்களுக்கு "காகித எம்.சி.எஸ்.இ." என்றே பட்டப்பெயர்! நம் பாஷையில் பிட் அடித்தவன்.

மனப்பாடம் எடுபடாத பரீட்சைகளும் இருக்கின்றன. ரெட் ஹேட்டில் டிக் அடிக்கிற கேள்வித்தாள் கிடையாது. மெஷினில் உட்கார்ந்து வேலையைச் செய்து காட்ட வேண்டும். சிஸ்கோவின் உச்சப் பரீட்சையான சி.சி.ஐ.இ.யில் செய்முறை மட்டும் 8 மணி நேரம். இவற்றுக்கு மரியாதை கூடுதலாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

கம்பெனிகள் ஏன் சர்டிபிகேட் கேட்கின்றன? அறிவை அளக்க மட்டும் இல்லை. சிஸ்கோ, அமேசான் போன்றவற்றுக்குப் "பார்ட்னர்" என்று பதிந்துகொண்ட கம்பெனி, பாஸ் செய்த ஆட்கள் இத்தனை பேர் எங்களிடம் இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டும். அமெரிக்க ராணுவ இலாகாவோ 2005-லேயே கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்படிப்பட்ட சர்டிபிகேட்டைக் கட்டாயம் ஆக்கிவிட்டது. ஆகவே நெட்வொர்க், கிளவுட், பாதுகாப்பு வேலைகளில் இதற்கு நல்ல மதிப்பு. புரோகிராம் எழுதுகிற வேலையில் அவ்வளவு இல்லை. அங்கே எழுதிக் காட்டச் சொல்வார்கள். பட்டம் இல்லாத பிள்ளைகளையே சேர்த்துச் சொல்லிக் கொடுத்து வேலையும் தருகிற ஸோஹோ நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

மொத்தத்தில் பேர் தெரியாத காலேஜில் படித்த பண்ருட்டிப் பையனுக்கு நல்ல சர்டிபிகேட் இன்டர்வியூ கடிதம் வாங்கித் தரலாம். உள்ளே போன பிறகு அவன் வாய்தான் பேச வேண்டும்.

ஆயிரம் ரூபாயில் முடியும்

கையில் காசு இல்லாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். சர்டிபிகேட் வேண்டுமென்றால் மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும், கட்டணம் 1,000 ரூபாய். 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்திலும் காலேஜ் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். வெளியே ஆயிரக்கணக்கில் கட்டுவதற்கு முன்பு, படிக்கிற காலேஜிலேயே ஒரு வார்த்தை கேளுங்கள்.

பரீட்சைக்குப் பதியும்போது இனிஷியலில் கவனம் தேவை. அடையாள அட்டையில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுக்க வேண்டும். ஒன்றில் "ஆர்.குமார்", இன்னொன்றில் அப்பா பேரை முழுசாக எழுதி "ராமசாமி குமார்" என்றிருந்தால் வாசலிலேயே நிறுத்தி விடுவார்கள். பணமும் அம்பேல்!

"100 சதவீதம் வேலை நிச்சயம்" என்று தட்டி வைத்திருக்கிறார்களா? பயிற்சி மையங்கள் இப்படிப் பொய் விளம்பரம் செய்யக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதிமுறை வெளியிட்டிருக்கிறது. ஏமாந்தவர்கள் கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். வெறும் கையோடு போனால் நடக்காது. பணம் கட்டிய ரசீது வேண்டும். சேரும்போது கொடுத்த நோட்டீசையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.