எண்ணெய் எங்கே கூடாது?

செஸ்னா 172 விமானம் முதன்முதலில் பறந்தது 1955-இல். இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கின்றன. இந்த நான்கு இருக்கை விமானத்தின் ஸ்டியரிங்கை விமானி திருப்பினால், உடலுக்குள் எஃகு கேபிள்கள் கப்பிகள்மேல் ஓடி, இறக்கையின் பின்விளிம்பில் உள்ள எயிலரான்களை ஏற்றி இறக்கும். கம்ப்யூட்டரோ மோட்டாரோ நடுவில் இல்லை. கேபிள் நன்றாக இருந்தால்தான் விமானம் விமானியின் சொல் கேட்கும்.

கீச்சென்று சத்தம் வந்தால் எண்ணெய் விடுவது வீட்டுக் கதவுக்குச் சரி. இங்கே அந்த அவசரம் ஆகாது. கப்பியின் பேரிங், தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து மூடப்பட்டது. மேலே விடும் எண்ணெய் உள்ளே போகாது, புழுதியைத்தான் பிடித்துவைக்கும். எண்ணெயில் ஊறிய புழுதி உலோகத்தை அராவத் தொடங்கும். கேபிளைக் கரைப்பானில் முக்கிக் கழுவுவது இன்னும் மோசம். பரவலாகப் புழங்கும் ஒரு வகைக் கேபிளில் 133 மெல்லிய கம்பிகள் முறுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கிடையே உள்ள மசகைக் கரைப்பான் வெளியேற்றிவிட்டால், துரு உள்ளிருந்தே தின்னும். வெளியே பளபளப்பாகவே தெரியும்.

அதனால் அனுபவமுள்ள மெக்கானிக் எண்ணெய்க் குப்பிக்கு முன் துணியைத்தான் எடுக்கிறார். கேபிள் நெடுகத் துணியால் துடைத்துக்கொண்டே போவார். அறுந்த கம்பி இருந்தால் துணி அங்கே மாட்டும். கேபிள் கப்பியில் வளையும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. தேய்மானம் பெரும்பாலும் அங்கேதான். இழுவிசையையும் கருவி வைத்து அளப்பார். அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சுருங்கும் என்பதால், கடுங்குளிரில் விமானத்தின் உடல் கேபிளைவிட அதிகம் குறுகி, கேபிள் தொய்ந்துவிடும்.

மசகு கட்டாயம் வேண்டிய இடங்களும் உண்டு. வால் பக்கத்தில் ட்ரிம் என்ற சிறு சமன்செய்யும் தகட்டை நகர்த்தும் ஸ்க்ரூ அவற்றில் ஒன்று. பெரிய விமானத்தில் இதே வகைப் பாகம் வறண்டுபோனதன் விலையை உலகம் பார்த்திருக்கிறது. 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 கலிஃபோர்னியா கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். வால் ஸ்க்ரூவுக்குப் போதிய கிரீஸ் இல்லாததால் நட்டின் மரைகள் தேய்ந்து பிய்ந்துபோயின என்று விசாரணை கண்டறிந்தது.

அமெரிக்காவில் பாகங்களைக் கழற்றத் தேவையில்லாத மசகு வேலையை, விமானி உரிமம் உள்ள உரிமையாளரே செய்து பதிவேட்டில் கையெழுத்திடலாம். கேபிளை மாற்றுவதும் முறுக்கிச் சரிசெய்வதும் மெக்கானிக்கின் வேலை. அந்த வேலையிலும் தவறு நேரும். 2018 நவம்பரில் போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்ப்ரேயர் விமானத்தில் எயிலரான் கேபிள்கள் மாறிப் பொருத்தப்பட்டிருந்தன. உள்ளிருந்த ஆறு பேரும் உயிர் பிழைத்தது பெரும்பாடு.

விமானம் ஓட்டக் கற்பவர்களே, புறப்படுமுன் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பி வெளியே பாருங்கள். இடது எயிலரான் மேலே எழ வேண்டும், வலது கீழே இறங்க வேண்டும். அசைகிறது என்பது மட்டும் போதாது.