கல்யாண வயது: பதினெட்டா, இருபத்தொன்றா?

"பொண்ணுங்க கல்யாண வயசை இருபத்தொண்ணு ஆக்கினா நல்லதுதானே?" மாதர் சங்கத்தில் என்னிடம் பலர் கேட்கும் கேள்வி இது. 2021 டிசம்பரில் மத்திய அரசு இதற்கென மக்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தது. நிலைக்குழுவுக்குப் போன அது, 2024-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியாகிவிட்டது. மசோதா போனாலும் கேள்வி போகவில்லை.

இந்த வயது படிப்படியாக ஏறி வந்ததுதான். 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது. 1949-ல் 15 ஆயிற்று. 1978-ல் பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 ஆயிற்று. சிறுமிகளுக்குத் தாலி கட்டும் கொடுமையைத் தடுக்க வந்த சட்டங்கள் அவை. இன்னும் மூன்று வருஷம் படிக்கட்டும், உடம்பு தேறட்டும் என்பதும் நல்ல எண்ணமே.

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல். பதினேழு வயதுச் சிறுமி வேறு. பத்தொன்பது வயதுப் பெண் வேறு அல்லவா? 18 ஆனால் ஓட்டுப் போடலாம், சொத்தை விற்கலாம். துணையை மட்டும் தேடிக்கொள்ளக் கூடாதா? வயது வந்த இருவர் மணந்துகொள்ள வீட்டார், ஊரார் சம்மதம் தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வேறு சாதிப் பையனை விரும்பும் மகளை மடக்கச் சில பெற்றோர் போலீசுக்கு ஓடுகிறார்கள். வயதை ஏற்றினால் அவர்கள் பிடி இன்னும் மூன்று வருஷம் நீளும்.

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "அதெல்லாம் சரிம்மா. பெத்தவங்களே கட்டாயப்படுத்தினா? சட்டத்தைக் காட்டியாவது அவ தப்பிக்கலாமே!" என்றார்.

நியாயமான பேச்சு. அதற்கு வழி அதே மசோதாவில் இருந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறு வயதில் கட்டிவைக்கப்பட்ட பெண், 18 முடிந்து இரண்டு வருஷத்துக்குள், அதாவது 20 வயதுக்குள், அந்தக் கல்யாணத்தை ரத்து செய்யும்படி மாவட்ட நீதிமன்றத்தில் கேட்கலாம். இந்தக் கெடுவை ஐந்து வருஷமாக்கி, 23 வயது வரை நீட்டச் சொன்னது மசோதா. மாமியார் வீட்டில் கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு வக்கீலைத் தேடி, துணிந்து வெளியே வர அவகாசம் வேண்டாமா?

என்னைக் கேட்டால், வயதை 18-லேயே விட்டு, இந்த அவகாசத்தை மட்டும் கொண்டுவரலாம். முன்னதில் அவளுக்காக மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். பின்னதில் முடிவு அவள் கையில் இருக்கிறது. மகளை 21 வரை படிக்க வைக்க, சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதும் இல்லை.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம் சகோதரிகளே. 18 ஆகாத பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு நடப்பது தெரிந்தால் 1098-க்குப் போன் செய்யுங்கள்; மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம்.