மொட்டை மாடி ஏசி ஸ்டாண்டு: எடையை விட காற்றைப் பாருங்க!

ஏசி வாங்கும்போது எத்தனை டன், எத்தனை ஸ்டார் என்று நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் அவுட்டோர் யூனிட்டை எதன் மேல் நிறுத்துவது என்பதை மட்டும் மாட்ட வருகிற டெக்னீஷியனிடம் விட்டுவிடுகிறோம். அவரும் மாடியில் ஒரு ஸ்டாண்டை வைத்து அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுவார்.

"தளம் தாங்குமா?" என்பதுதான் பலரின் முதல் கேள்வி. 1.5 டன் ஏசியின் அவுட்டோர் யூனிட் பெரும்பாலும் 30 முதல் 40 கிலோதான். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடி சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 875 தரநிலையின் 2-ஆம் பகுதி. ஆக, ஒழுங்காகக் கட்டிய தளத்துக்கு இது பெரிய சுமை இல்லை. (வணிகக் கட்டடங்களின் பெரிய யூனிட்டுகள் வேறு கதை. அதற்குக் கட்டமைப்புப் பொறியாளர் கட்டாயம் வேண்டும்.)

கவனிக்க வேண்டியது காற்றை. அதே தரநிலையின் 3-ஆம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரை வைத்திருக்கிறது. அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். திருச்சிக்கு 47 மீட்டர், மதுரைக்கும் கோவைக்கும் 39 மீட்டர். 50 மீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பைத் தோராயமாக 150 கிலோ விசையுடன் தள்ளும். யூனிட்டின் முகப்பு அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தாலும், தள்ளும் விசை அதன் எடையை விட அதிகம்! செங்கல் மேல் சும்மா வைத்த யூனிட், 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா மாதிரி ஒரு புயலில் நிற்கும் என்று நம்பிவிட முடியாது. கீழே தெருவில் ஆட்கள் நடக்கிறார்கள்.

அதனால் யூனிட்டை ஸ்டாண்டோடும், ஸ்டாண்டைத் தளத்தோடும் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதற்காகத் தட்டோட்டில் நேரடியாகத் துளை போட விடாதீங்க. அடுத்த மழைக்கே மேல்தள வீட்டில் ஒழுகல் ஆரம்பித்துவிடும். தளத்தோடு பிணைத்து சின்ன கான்கிரீட் பீடம் கட்டி, சுற்றிலும் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அதில் போல்ட் பதிப்பதே நல்லது. மழைநீர் ஓடும் வழியை மறிக்காமல் இடம் பாருங்க. கடலோரம் என்றால் பெயின்ட் அடித்த சாதா இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும், ஜி.ஐ. ஸ்டாண்டு கேளுங்க.

கைப்பிடிச் சுவர் மேல் யூனிட்டை ஏற்றவே கூடாது. சுவரை ஒட்டி ஸ்டாண்டு வைப்பதும் ஆபத்துதான்: குழந்தைகளுக்கு அது ஏணிப்படி ஆகிவிடும். ஆள் விழாமல் இருக்கக் கட்டிய சுவர் அப்புறம் எதற்கு?

அடுக்குமாடியில் குடியிருந்தால் இன்னொரு விஷயம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, மொட்டை மாடியைப் பொதுப் பகுதியில் சேர்க்கிறது. சங்கத்தின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தெருப்பக்கம் ஆபத்தாகத் தொங்கும் யூனிட்டைப் பார்த்தால், சென்னை மாநகராட்சிப் பகுதியில் 1913-க்கும், மற்ற ஊர்களில் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-க்கும் அழைக்கலாம். உங்கள் வீட்டு ஸ்டாண்டின் போல்ட்டுகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிடுங்க.